முப்பத்தைந்து நாள்

தர்மபுரி அரசு மருத்துவமனை, ரத்த வங்கி, இரவுப் பணி.
குளிர்பெட்டி நான்கு டிகிரியில் முனகுகிறது.
மேசைமேல் மாதேஸ்வரி மறந்துவிட்டுப் போன மூன்றாம் பாகம்.
கறுப்பு அட்டை, வெளிறிய ஒரு கழுத்து,
கழுத்தருகே ஓர் ஆணின் உதடு.
மறந்துவிட்டு இல்லை,
வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

என் பையில் இருப்பது வேறு.
முதுகு கிழிந்து, ஊசிக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஒட்டிய
பழம்பாட்டுப் புத்தகம்.
தமிழ் எம்.ஏ. அஞ்சல் வழியில் படித்தேன்,
சோறு போட்டது பிறகு படித்த லேப் டெக்னீசியன் படிப்பு.
அந்தப் பாட்டில் ஒருத்தி வாடினால்
வளை கழன்று விழும். அவ்வளவுதான்.
இதில் நாயகி நாற்பது பக்கம் அழுகிறாள்,
பக்கத்துக்கு இரண்டு முறை கண்ணீர் வைரமாகிறது.

சிவப்புப் பேனா எடுத்தேன், பொய் சொல்வானேன்.
ஒற்று மிகக் கூடாத இடத்தில் மிகுந்து
மிக வேண்டிய இடத்தில் செத்துக் கிடந்தது.
‘அவன் பார்வை அவளை ஊடுருவிப் பார்த்தது.’
பார்வை எப்படியம்மா பார்க்கும்?
அறுபதாம் பக்கத்தில் பேனா மூடி எங்கோ உருண்டது.
தேடவில்லை.

அவனுக்கு வயது முன்னூற்றுப் பன்னிரண்டு.
பகலில் வரமாட்டான்.
மழையும் ஓய்ந்து நாயும் அடங்கியபின்
சன்னலோரம் நிற்பான்.
‘வராதே, வழியெல்லாம் ஆபத்து’ என்கிறாள்.
‘வந்துவிட்டால் ஆபத்து உனக்கு’ என்கிறான்.

அட,
இது இரவுக்குறி.
யானை நடமாடும் தடம், வழுக்கும் பாறை, உறங்காத தாய்,
ஒன்றும் குறையவில்லை.
தோழி மட்டும் கைபேசிக்குள் போய்விட்டாள்.
இரண்டாயிரம் வருஷமாய் அந்தக் கதவை
யாரும் சரியாகத் தாழிடவே இல்லையா?
ஆனால் அங்கே வருகிறவனுக்கு வழியில் புலி.
இங்கே புலியே அவன்தான்.
ஒத்துக்கொள்ள மனமில்லாமல் அந்த வரியடியில்
ஒரு கோடு போட்டேன்.
பென்சிலால்.

குருதி குடிப்பவள் நம் பாட்டிலும் உண்டு,
போர் ஓய்ந்த களத்தில், தலைவிரித்து, கை நிறைய அள்ளி.
அவளை எவனும் காதலிக்கவில்லை.
அவள் பல்லை எவரும் முத்து என்று எழுதவில்லை.

பல் என்றதும்,
இவன் பல் பனிவெண்மையாம்.
பென்னாகரம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரைப்
பத்து வயதுவரை குடித்துப் பார்க்கட்டும்.
எனக்கே முன்பல் இரண்டும் காவி.
போட்டோவுக்கு வாய்மூடிச் சிரிக்கும் ஊரில்
மாதேஸ்வரி இதை வாய் பிளந்து படிக்கிறாள்.

சாகாமையை எங்களுக்கா சொல்லித் தருகிறான்?
இந்த மண்ணில் ஒருவன்
மலைப்பிளவில் பறித்த நெல்லியைத் தான் தின்னவில்லை,
தின்றால் என்ன ஆகும் என்றும் சொல்லவில்லை,
நீட்டினான்.
முன்னூற்றுப் பன்னிரண்டு வருஷத்தில் இவன்
யாருக்காவது ஏதாவது நீட்டியிருப்பானா,
கழுத்தைத் தவிர்த்து?

மணி இரண்டே கால். பிரசவ வார்டிலிருந்து
தீர்த்தகிரி அண்ணன் சீட்டோடு ஓடி வந்தார்.
ஓ நெகட்டிவ். இருந்தது ஒரே பை.
தேதி பார்த்தேன், முப்பத்துநாலாம் நாள்.
எங்கள் பெட்டியில் ரத்தத்தின் ஆயுள் முப்பத்தைந்து.
நாளை மறுநாள் என்றால் அது கழிவு,
மஞ்சள் உறையில் கட்டி எரிக்க அனுப்புவோம்.
பொருத்தம் பார்த்துக் காத்திருந்த நேரத்தில்
புத்தகத்தைத் தொடவில்லை.
ஆனாலும் வெட்கம்கெட்ட மனசு கேட்டது:
அவள் கழுத்தைக் கொடுத்தாளா, இல்லையா?

‘மார்போடு அணைக்காதீங்கண்ணா, சூடாயிடும்.’
அவர் கையை நீட்டிப் பிடித்தபடி நடந்தார்,
விளிம்புவரை நிறைந்த பால்சொம்பைப் போல.

காலை ஏழரைக்கு மாதேஸ்வரி.
‘அந்தம்மா எப்படி?’
‘பால் குடுக்குறாங்கக்கா. புக்கு எப்படி?’
‘குப்பை. பாதி வாக்கியத்துக்கு முடிவே இல்லை.’
அவள் புரட்டினாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு,
பிறகு வெற்றுப் பக்கங்கள்,
பிறகு அந்தப் பென்சில் கோடு.
ஒன்றும் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். வெயில் ஏறிவிட்டது.
நாலாம் பாகம் பைக்குள்
பழம்பாட்டோடு உரசிக்கொண்டே வந்தது.